பனியை நான் வென்ற நாள்

1

ஐப்பசி பிறந்ததும் எங்கள் வீட்டு வானொலி வரவேற்பறையிலிருந்து குசினிக்கு இடம் மாறும். காலைத் தேநீருக்குத் தண்ணீர் கொதிக்கும்போதே எனக்குக் காலநிலை அறிக்கை கேட்டாக வேண்டும். ஸ்கொட்லாந்தில் பனி என்றால் தேநீரை உட்கார்ந்து குடிப்பேன். நடு இங்கிலாந்தில் பனி என்றால் நின்றுகொண்டு குடிப்பேன். எங்கள் லண்டன் இருக்கிற தென்கிழக்கு என்று ஒரு சொல் வந்துவிட்டால் தேநீர் ஆறிப் போகும். என் மனைவி பரமேஸ்வரி அதை எடுத்து ஊற்றிவிட்டு, "இனிச் சித்திரை வரைக்கும் இந்த மனிசனோடை சீவிக்கேலாது" என்று சுவருக்குச் சொல்வாள்.

தென் லண்டன் மிச்சம் பகுதியில் எங்கள் வீட்டுக்கு வருகிறவர்களின் காலில் முதலில் தட்டுப்படுவது உப்பு மூட்டை. சமையல் உப்பு அல்ல, பனிக்காலத்தில் வாசற்படியில் போடுகிற கல்லுப்பு. மாடிப்படிக்குக் கீழே அரிசி, பருப்பு, டின்மீன், மெழுகுதிரி, தீப்பெட்டி எல்லாம் இருக்கும். ஊரில் ஊரடங்குச் சட்டத்துக்கு நீங்கள் என்னென்ன சேர்த்து வைப்பீர்களோ, அதையெல்லாம் நான் இங்கே பனிக்குச் சேர்த்து வைக்கிறேன். இத்தனைக்கும் கடை கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. கடைக்காரரும் நம்மவர்தான், கடைக்கு மேலேயே குடியிருக்கிறார். "நான் கடையைப் பூட்டினால்தானே அண்ணை உங்களுக்குப் பஞ்சம் வரும்?" என்று கேட்பார். நியாயமான கேள்விதான். ஆனால் வயிற்றுக்குள் இருக்கிற பயத்துக்கு நியாயம் சொல்லி யார் விளங்கப்படுத்துவது?

ஊரில் இருக்கிற நீங்கள் இதை வாசித்துச் சிரிப்பீர்கள். சிரியுங்கள். இங்கே இருக்கிறவர்களும் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். நேற்று இந்த வருடத்தின் முதல் பனி விழுந்தது. விழுந்த கையோடு என் மகள் வதனி என்னிடம் ஒரு விஷயம் சொன்னாள். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அதை எடுத்த எடுப்பிலேயே சொன்னால் உங்களுக்கு விளங்காது. இந்தப் பயம் எப்படி வந்தது என்பதிலிருந்து சொல்ல வேண்டும்.

2

எல்லோரையும் போலக் கணக்கியல் படிக்கிறேன் என்று விசா எடுத்து வந்தேன். எல்லோரையும் போலப் பாதியில் விட்டேன். தென் லண்டனில் ஒரு ரயில் நிலையத்தில், வாயிலில் நின்று டிக்கட் பார்க்கும் வேலை கிடைத்தது. பிறகு மனைவியையும் பிள்ளைகளையும் கூப்பிட்டேன். வதனிக்கு அப்போது பதினொரு வயது. மகன் குமரன் சின்னவன்.

நம் ஊரிலும் மார்கழியில் பனி உண்டு. தலையில் ஒரு துவாயைச் சுற்றினால் அது போய்விடும். இங்கத்தைப் பனியையும் நான் முதலில் அப்படித்தான் நினைத்தேன். எண்பத்தோராம் ஆண்டு மார்கழியில் கொட்டு கொட்டென்று கொட்டியபோது பிள்ளைகளோடு தெருவில் இறங்கிப் படம்கூட எடுத்தேன். ஊருக்கு அனுப்பினேன். உங்களில் சிலர் அதைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியதாகக் கேள்வி.

அடுத்த நாள் விடியற்புறம் வேலைக்குப் போனேன். காலில் ஊரில் தைப்பித்த தோல் சப்பாத்து, கந்தோரில் மேசை வேலைக்குப் போகிற சப்பாத்து. நிலையத்துப் படியின் உச்சியில் வழுக்கி அடிப்படிவரை போனேன். மணிக்கட்டு முறிந்தது, இடுப்பெலும்பில் வெடிப்பு. அந்த நோவு மறந்துவிட்டது. மறக்காதது வேறொன்று. நான் கீழே கிடக்கிறேன். சனங்கள் என்னைச் சுற்றி விலகிப் போகிறார்கள். ஒருவர் மட்டும் நின்று குனிந்தார். தூக்கிவிடப் போகிறார் என்று கையை நீட்டினேன். விக்டோரியாவுக்கு முதல் ரயில் ஓடுமா என்று கேட்டார். உடம்பில் ரயில்வே உடுப்பு இருக்கிறதல்லவா. நானும் கிடந்தபடியே "ஓடும்" என்று சொன்னேன். அவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

நட்டஈடு கேட்டு எழுதினேன். மேலிடத்திலிருந்து ஒருவர் வந்து மரியாதையாகக் கதைத்தார். படிக்கு உப்புப் போடுவது காலை முறையில் வருகிற ஊழியரின் கடமை என்றார். அன்று காலை முறையில் வந்த ஊழியர் யார் என்று கேட்டார். நான்தான். அப்படியானால் உப்புப் போடாத குற்றம் யாருடையது என்றார். உப்புப் போட வருகிற வழியில்தான் ஐயா விழுந்தேன் என்றேன். அவர் அனுதாபத்தோடு தலையை ஆட்டி, கோப்பை மூடிவிட்டார். வெள்ளைக்காரனின் அனுதாபத்தை நான் அன்றைக்குத்தான் கிட்டத்தில் பார்த்தேன்.

எலும்பு பொருந்திவிட்டது. மனம் பொருந்தவில்லை. அடுத்த மாரிக்குளிரில் தெரு வெளுத்ததும் என் முழங்கால்கள் இறுகிப் போயின. வாசல்வரை வருவேன், படியில் கால் வைக்க முடியாது. வேலைக்குப் போகாமல் விட முடியுமா? வதனிதான் என் கையைப் பிடித்து பஸ் தரிப்பு வரைக்கும் கூட்டிக்கொண்டு போவாள். பள்ளிக்கூடச் சீருடையில், ஒரு குருடனை நடத்துவது மாதிரி. எதிரே அவளுடைய சினேகிதிகள் வருவார்கள். அவள் முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொள்வாள், ஆனால் கையை விடமாட்டாள். என் பயத்தை அவளைப் போல அறிந்தவர்கள் இந்த வீட்டில் வேறு யாரும் இல்லை.

3

பக்கத்து ஊரான சட்டனில் ஒரு தமிழ் டாக்டர் இருந்தார், தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். ஆங்கிலத்தில் என் பயத்தைச் சொல்ல வராது என்று அவரிடம் போனேன். "ஆமா சார், இது பயம்தான், வியாதி இல்ல. தூங்கறதுக்கு மாத்திரை எழுதித் தர்றேன். ஆனா ஒரே ஒரு தடவை நீங்களா இறங்கி நடந்துட்டீங்கன்னா எல்லாம் சரியாப் போயிடும்" என்றார். மாத்திரை வேலை செய்தது. கனவில் பனி பெய்தது, நிம்மதியாகத் தூங்கினேன்.

பயத்தைவிடப் பெரிய தொல்லை அதை வெளியே சொல்ல முடியாத வெட்கம். எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு ஊரிலிருந்து வந்தவர்களைப் பாருங்கள். எதையெதை எல்லாம் கண்டுவிட்டு வந்தார்கள். மனைவியின் தம்பி பாலன் வந்து எங்களோடு இருந்தான். முதல் மாரியில் என்னை வாசலில் கண்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். "அத்தான், ஹெலிகொப்டரிலை நிண்டு சுடேக்கை வேலி பாஞ்சு ஓடின ஆள் நான். நீங்கள் என்னண்டால் உந்தப் பஞ்சுக்கோ பயப்பிடுறியள்?" என் பயத்துக்கு ஒரு கௌரவமான காரணம்கூட இல்லை. அகதி விண்ணப்பத்தில் எழுத முடியாத பயம்.

எண்பத்தேழு ஒக்டோபரில் இங்கே பெரும் புயல் அடித்து மரங்கள் எல்லாம் சரிந்து கிடந்தன. விடிந்ததும் தட்டுத் தடுமாறி வேலைக்குப் போனேன். நிலையத்தில் ஒரே துக்கம். டிக்கட் கொடுக்கும் பெண் கியூ என்ற பெரிய தாவரத் தோட்டத்து மரங்களை நினைத்து அழுதாள். நூறு வருட மரங்களாம். அந்தக் கிழமை முழுக்க யாழ்ப்பாணத்தில் ஷெல் மழை. பரமேஸ்வரியின் தாயும் சகோதரங்களும் இருக்கிறார்களா இல்லையா என்று தெரியாது. தொலைபேசி கிடையாது, தந்தி கிடையாது. வானொலிச் செய்தியில் மரங்களுக்குப் பிறகு, வீட்டுக் கூரைகளுக்குப் பிறகு, ரயில்களுக்குப் பிறகு எங்களுக்கு ஒரு வரி வந்தது. என் மேலாளர் தோளில் கைவைத்து, உங்கள் தோட்டத்தில் மரம் ஏதாவது விழுந்ததா என்று கேட்டார். இல்லை என்றேன். உங்களுக்கு அதிர்ஷ்டம் என்றார்.

அன்றைக்குத்தான் இந்த நாட்டின் மீது எனக்கு உண்மையான கோபம் வந்தது. ஆனாலும் சொல்லிவிடுகிறேன், அன்றிரவும் நான் வானொலிக்குக் காது கொடுத்தது யாழ்ப்பாணத்துக்காக மட்டும் அல்ல. காற்று திரும்பவும் வருமா என்று கேட்கவும்தான்.

4

வதனிக்கு இருபத்திரண்டு வயதானபோது லண்டனின் வடக்குப் பக்கம் ஹரோவிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை படித்து முடித்த கணக்காளர், நான் பாதியில் விட்டதை முடித்தவர். சொந்த வீடு. தகப்பன் இல்லை, தாய் மட்டும். சாதகம் பொருந்தியது. பெண் பார்க்க வந்தபோது மாப்பிள்ளை அளவாகத்தான் கதைத்தார். அடக்கமான பெடியன் என்று நாங்கள் பேசிக்கொண்டோம். வதனியிடம் கேட்டோம். "இப்ப என்ன அவசரம் அப்பா?" என்றாள். எந்தப் பிள்ளைதான் அப்படிச் சொல்லாது?

நாள் வைக்கும்போது பிரச்சினை வந்தது. கொழும்பில் இருக்கிற சாத்திரியார் தை மாதத்தில் நாள் குறித்து அனுப்பினார். பனியைப் படத்தில்கூட ஒழுங்காகப் பார்த்திராத மனிதர் அவர். தை நல்ல மாதம்தான், ஊரில். அறுவடை, வெயில், காய்ந்த பந்தல். இங்கே தை என்றால் வெள்ளைக்காரன் நாயைக்கூட வெளியே விடமாட்டான். அவர்கள் எல்லோரும் கோடையில் கலியாணம் கட்டுகிறார்கள். நாங்கள் மட்டும் பஞ்சாங்கத்தை விமானத்தில் ஏற்றிக்கொண்டு வந்து, இருக்கிறதற்குள் மோசமான மாதத்தில் மண்டபம் எடுக்கிறோம். மண்டபம் மலிவாகக் கிடைப்பதை நல்ல சகுனம் என்றும் சொல்லிக்கொள்கிறோம்.

"ஆனியிலை வைப்பம்" என்று நான் மன்றாடினேன். மாப்பிள்ளையின் தாயார் மசியவில்லை. "சித்திரைக்குப் பிறகு பெடியனுக்கு நேரம் சரியில்லையாம் அண்ணை. தை விட்டால் பிறகு ரெண்டு வருசம் பாத்திருக்கோணும்" என்றார். எங்கள் வீட்டில் என் பக்கம் நின்றது வதனி ஒருத்திதான். "அப்பா சொல்லுறது சரி. ஜனவரி, பெப்ரவரியில கட்டாயம் ஸ்நோ வரும். சமருக்குத் தள்ளி வைப்பம்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். இந்த வீட்டில் ஒருத்தியாவது என் பயத்தை மதிக்கிறாளே என்று எனக்குப் பெருமையாக இருந்தது. கடைசியில் எல்லோரும் சேர்ந்து என்னை மடக்கிவிட்டார்கள். கலியாணம் தொண்ணூற்றோராம் ஆண்டு தை மாதக் கடைசியில், ஒரு சனிக்கிழமை, நண்பகலுக்கு முன் என்று முடிவாகியது.

கலியாணத்துக்கு முந்தின திங்கட்கிழமை ஹரோவில் மாப்பிள்ளை வீட்டில் பொன்னுருக்கு. நம்மவர்களிடம் தாலிக்குப் பொன் உருக்கிவிட்டால் கலியாணம் பாதி நடந்த மாதிரி. பிறகு நாளை மாற்றுவது பெரிய அபசகுனம். தாலி செய்யும் பத்தர் அடுப்பை மூட்டியதும் வீட்டுக்குள் புகை மணி அலறியது. ஒருவர் கதிரையில் ஏறித் தும்புத்தடியால் அதை அடித்து நிறுத்த, பொன் உருகியது. வியாழக்கிழமை காலை தேநீர் குடித்துக்கொண்டு நிற்கிறேன், வானொலி தென்கிழக்கு என்றது.

5

வியாழன் முழுவதும் கொட்டியது. வெள்ளியும் கொட்டியது. கார்கள் எங்கே நிற்கின்றன என்று தெரியவில்லை. என் நிலையத்தில் ஒரு ரயிலும் ஓடவில்லை. நான் சுவரைப் பிடித்தபடி வீட்டுக்குள்ளேயே நடந்தேன். வெள்ளி பின்னேரம் மாப்பிள்ளையின் தாயாருக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"அக்கா, ஒரு கிழமை தள்ளுவமோ? சனம் ஒண்டும் வந்துசேராது."

"என்ன அண்ணை கதைக்கிறியள்? பொன் உருக்கியாச்சு. ஸ்நோ கொட்டுது எண்டு தாலியைத் திரும்பவும் பொன் கட்டியாக்கேலுமோ? இஞ்சை எல்லாம் ஆயத்தம். பொம்பிளையைக் கொண்டுவந்து சேர்க்கிறது உங்கடை பொறுப்பு."

குமரன் பனிக்கு முந்தி, புதன்கிழமையே ஹரோவுக்குப் போய்விட்டான், தோழனாக மாப்பிள்ளையின் கால் கழுவ வேண்டியவன் அவன். பாலன் கடைக்காரரின் மரக்கறி வேனைக் கேட்டுவைத்திருந்தான். கவுன்சில்காரர் பெருந்தெருவுக்கு மட்டும் உப்புப் போட்டிருந்தார்கள். வேன் அங்கேதான் நிற்க முடியும். எங்கள் வாசலிலிருந்து பெருந்தெருவரை, ஒழுங்கை நீளத்துக்கு, முழங்கால் முட்டப் பனி.

சனிக்கிழமை விடிய வெள்ளாப்பில் எழுந்தேன். பரமேஸ்வரி வதனிக்குத் தலை பின்னத் தொடங்கியிருந்தாள். பொம்பிளையை மாமன் தூக்கிக்கொண்டு போகட்டும் என்று பாலன் தொலைபேசியில் பகிடி விட்டான். எனக்குள் என்ன நடந்தது என்று இன்றைக்கும் தெரியாது. என் பயத்தால் என் பிள்ளையின் கலியாணம் நின்றுபோய்விடும், ஊர் முழுக்க என்னைக் காறித் துப்பும் என்று ஒரு நினைப்பு. மண் அள்ளுகிற சவளை எடுத்தேன். கதவைத் திறந்தேன். படியில் கால் வைத்தேன்.

கந்தா, கந்தா என்று சொல்லிச் சொல்லிப் பனியை அள்ளி எறிந்தேன். விழுந்தேன். எழும்பினேன். திரும்பவும் விழுந்தேன். உப்பு மூட்டையை இழுத்துவந்து வெட்டிய இடமெல்லாம் கொட்டினேன். எதிர்வீட்டு வெள்ளைக்காரன் யன்னலால் பார்த்துக்கொண்டே தேநீர் குடித்தான். ஒழுங்கையின் பாதிக்கு வந்ததும் திரும்பிப் பார்த்தேன். எங்கள் வீட்டு மேல்மாடி யன்னலில் வதனி நின்றாள். சவளை உயர்த்திக் காட்டினேன், உன் அப்பன் செய்துவிட்டான் பார் என்று. அவள் கையசைக்கவில்லை. தாய் பின்னலைப் பிடித்துக்கொண்டிருப்பாள் என்று நினைத்துத் திரும்பி வெட்டினேன்.

வேலை முடிந்ததும் அவளைக் கூட்டிக்கொண்டு இறங்கினோம். சேலைக்கு மேலே என் ரயில்வே ஓவர்கோட். காலில் என் சப்பாத்து, உள்ளே பழந்துணி. தலையில் பூவும் நகையும் நனையாமல் தாய் குடை பிடித்தாள். இந்த முறை நான்தான் வதனியின் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் போனேன். பாதி வழியில் அவள் அப்படியே பனியில் உட்கார்ந்துவிட்டாள். வழுக்கி விழவில்லை, தானாகவே உட்கார்ந்தாள். "எழும்பு பிள்ளை, நேரம் போகுது. அப்பா இருக்கிறன், விழவிடமாட்டன்" என்று இழுத்து எழுப்பினேன். என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு நடந்தாள். பெண்ணுக்குப் பிறந்த வீட்டை விட்டுப் போகிற துக்கம் என்று தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கத்தரிக்காய்ப் பெட்டிகளுக்கு நடுவில் என் மகள் இருக்க, வேன் லண்டனைத் தாண்டி ஊர்ந்தது. முகூர்த்தம் தப்பவில்லை. மண்டப வாசலில் குமரன் செம்பால் ஊற்றி மாப்பிள்ளையின் காலைக் கழுவிய தண்ணீர், அவர் உள்ளே போய் மணையில் உட்காருவதற்குள் படியில் உறைந்துவிட்டது. வந்த சனம் ஐந்தாறு வரிசைக் கதிரைக்குக்கூடக் காணாது. சமைத்த சோறு மலையாகக் குவிந்து கிடந்தது. ஆனாலும் வந்தவர்கள் எல்லோரும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். "பனியையே வெண்ட மனிசன்" என்று ஐயர் மேடையில் வைத்துச் சொன்னார். மாப்பிள்ளையின் தாயார்கூட எழும்பி வந்து, "தகப்பன் எண்டால் இப்பிடி இருக்கோணும்" என்றார்.

நான் லண்டனில் கழித்த நாட்களில் அதுதான் மிகச் சந்தோஷமான நாள். வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

6

அந்த மாப்பிள்ளை வதனியை அடித்தார். முதலில் வார்த்தையால், பிறகு கையால். அவளுடைய சம்பளத்தை அவரே வாங்கிக்கொண்டார், தொலைபேசியைத் தொட விடவில்லை. எங்களிடம் வரும்போது அடக்கமாகச் சிரித்தபடி கூடவே இருப்பார், பிள்ளை எங்களோடு தனியே இருக்க ஒரு நிமிடமும் கிடைக்காது. நான்கு வருடம் போன பிறகு ஓர் ஆனி மாதத்து வெயிலில் ஒரு சூட்கேசோடு எங்கள் வாசலில் வந்து நின்றாள். கழுத்தில் தாலி இல்லை. அதற்கும் நம்மவர்கள் அவளைத்தான் குற்றம் சொன்னார்கள். இங்கத்தைப் பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லையாம்.

இப்போது சட்டனில் ஒரு சின்ன ஃபிளாட்டில் தனியாக இருக்கிறாள். மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. ஞாயிற்றுக்கிழமை வந்து சாப்பிட்டுவிட்டுப் போவாள். எங்களிடம் தமிழில் தொடங்கி ஆங்கிலத்தில் முடிப்பாள்.

என் பயம் அடுத்த மாரியே திரும்பி வந்துவிட்டது. டாக்டர் சொன்னது போல ஒன்றும் சரியாகப் போகவில்லை. ஆனால் அந்தச் சனிக்கிழமைக் கதை என் கையில் இருந்தது. யார் என்னைப் பனிக்குப் பயந்தவன் என்று பகிடி பண்ணினாலும் அதை எடுத்து வைப்பேன். கலியாணம் கெட்டுப்போன பிறகும் அந்தக் கதையை மட்டும் நான் விடவில்லை. பனியை வென்றது வேறு, கலியாணம் வேறு என்று பிரித்து வைத்திருந்தேன்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. பாலன் புதிதாகக் கலியாணம் கட்டிய மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தான். வெளியே பனி தூவத் தொடங்கியது. நான் கதவுக்கு உள்ளே நின்றபடி படிக்கு உப்பை எறிந்தேன். அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். விடுவேனா? உட்கார வைத்து முழுக் கதையையும் சொன்னேன். சவள், ஒழுங்கை, ஐயர் சொன்னது, ஒன்றும் விடவில்லை. வதனி குசினியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தாள்.

அவர்கள் போனதும் என் முன்னால் வந்து உட்கார்ந்தாள். "அப்பா, அந்த ஸ்டோரிய இனி ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ. பிளீஸ்" என்றாள்.

"ஏன் பிள்ளை? அந்தாளைப் பற்றி நான் ஒண்டும் சொல்லேல்லையே."

"அவரைப் பற்றி இல்லை. அண்டைக்கு நான் யன்னல்ல நிண்டனான், ஞாபகம் இருக்கா? வியாழக்கிழமையில இருந்து நிண்டனான். நிக்காமக் கொட்டோணும் எண்டு கும்பிட்டுக்கொண்டு நிண்டனான். ஸ்கூல் குளோஸ் பண்ணுற மாதிரி எல்லாம் குளோஸ் ஆயிடும் எண்டு நினைச்சன். அம்மா விடமாட்டா, மாமா விடமாட்டார், மாப்பிள்ளை வீட்டுக்காரர் விடமாட்டினம். ஆனா நீங்கள் வெளியில இறங்கமாட்டீங்கள் எண்டு எனக்கு ஷுவரா இருந்தது. நான் நம்பினது உங்களைத்தான் அப்பா. உங்கட பயத்தைத்தான்." யன்னல் பக்கம் திரும்பினாள். "பிறகு பாத்தால், நீங்கள் சவளோட நிக்கிறீங்கள்."

"அண்டைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே பிள்ளை" என்றேன்.

"சொன்னனான். சமருக்குத் தள்ளி வைப்பம் எண்டு எத்தினை தரம் சொன்னனான்? நான் ஸ்நோவுக்காகச் சொல்லுறன் எண்டு நீங்கள் நினைச்சீங்கள்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிச் சொல்லியிருப்பேன். எழும்பிக் கோட்டைப் போட்டுக்கொண்டு, பனியில் பஸ் ஓடாமல் நின்றுவிடும் என்று புறப்பட்டாள். வாசலில் நான் போட்ட உப்பில் கால் வைத்து இறங்கிப் போனாள்.

7

இன்று காலை வானொலியைப் போடவில்லை. அதுவே பரமேஸ்வரிக்குப் பயமாகிவிட்டது, நெற்றியில் கைவைத்துப் பார்த்தாள். மேசையில் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கும்போது தொலைபேசி அடித்தது. நல்லதம்பி. ரயில் நிலையத்தில் என்னோடு பல வருடம் வேலை செய்தவர், இப்போது ஹரோவில் இருக்கிறார். மூத்த பெண்ணுக்குக் கலியாணம் முற்றாகிவிட்டது, அழைப்பிதழ் பின்னால் வரும், நாள் மட்டும் முன்கூட்டியே சொல்கிறேன் என்றார். நாளைச் சொன்னார். தை.

வாழ்த்துச் சொல்லி வைத்திருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை.

"நல்லதம்பி, பிள்ளைக்கு விருப்பமோ எண்டு கேட்டனீரோ?"

"இதென்ன கேள்வி அண்ணை? படிப்பு முடியட்டும் எண்டு கொஞ்சம் இழுத்தாள்தான். எல்லாப் பிள்ளையளும் சொல்லுறதுதானே."

"ஒருக்கால் தனிய இருத்திக் கேளுமன். தாயும் பக்கத்திலை நிக்காமல். கோடைக்குத் தள்ளி வைச்சால் என்ன குறைஞ்சு போகும்?"

நல்லதம்பி சிரித்தார். பெரிய சிரிப்பு. "அண்ணை, அண்ணை... இப்ப விளங்குது. உங்களுக்கு ஸ்நோவுக்குப் பயம் எண்டால் நேராச் சொல்லுங்கோவன். ஆர் உங்களைக் கோவிக்கப் போகினம்? வீடியோ எடுத்து அனுப்பிவிடுறன், வீட்டிலை இருந்து பாருங்கோ."

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். பனிக்காக இல்லை, உம்முடைய பிள்ளைக்காகக் கேட்கிறேன் என்று சொன்னேன், இரண்டு தரம் சொன்னேன். அவர் சிரிப்பை நிறுத்தவில்லை. பக்கத்தில் யாருக்கோ, "அண்ணைக்கு இப்பவே குளிர் பிடிச்சிட்டுது" என்று சொல்வது கேட்டது. இவ்வளவு காலமாக இந்த நகரத்தில் என்னைப் பற்றி எல்லோருக்கும் தெரிந்தது அந்த ஒரே விஷயம்தான். இனி நான் எதைச் சொன்னாலும் அதற்குள்தான் போட்டுப் பார்ப்பார்கள்.

தொலைபேசியை வைத்தேன். பரமேஸ்வரி குசினியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"ஆர் அது?"

"நல்லதம்பி. மகளுக்குக் கலியாணமாம். தையிலை."

அவள் கையில் இருந்த துணியால் கையைத் துடைத்துக்கொண்டே நின்றாள். கை காய்ந்த பிறகும் துடைத்தாள். நேற்று வதனி சொன்னதை அவளும் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டிருக்கிறாள் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"கேட்டனீங்களோ?" என்றாள்.

"கேட்டனான்."

"என்னவாம்?"

"வீடியோ அனுப்புறாராம்."